வேன் அக்கா ஒளித்து வைத்த புகை

வேன் அக்காவின் மேல் சாட்டப்பட்ட குற்றம், அவளுடைய வேன் புகை விடவில்லை என்பது. விட்டிருந்தால் அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். விடாததால் விசாரணைக் குழு அமைக்க வேண்டியதாகிவிட்டது.

அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சிறுநீரகம் கெட்டவர்களை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய்ப் பெரிய மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் இறக்கிவிடுவதும், இயந்திரம் அவர்களுடைய ரத்தத்தை அலசி முடித்ததும் திரும்ப வீட்டில் சேர்ப்பதும் அவள் தொழில். போகும்போது வீங்கிய முகத்தோடு ஊர் வம்பு பேசிக்கொண்டு போவார்கள். வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கையில் கிடப்பார்கள். அந்த நேரத்தில் பழைய வேனின் டீசல் வாடை அவர்களுக்கு ஆகவே ஆகாது. முதலில் தையல்காரர் வாயைப் பொத்துவார். அவரைப் பார்த்து, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரம்மா பொத்துவார். பிறகு வேன் முழுக்கக் குமட்டும். இருக்கைகளுக்குப் பின்னால் அக்கா பிளாஸ்டிக் பைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

ஒரு நாள் மேம்பாலத்தின் உச்சியில் என்ஜின் நின்றுபோனது. அக்காவின் தம்பி வந்து மூடியைத் திறந்து பார்த்தான். அவன் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்ட் பழுதுபார்ப்பவன். மோட்டார் தவிர மற்ற எல்லா இயந்திரங்களின் மேலும் அவனுக்கு ஓர் இளக்காரம் உண்டு.

"இது போய்ச் சேர்ந்துடுச்சுக்கா. போனா போகட்டும் விடு. இது என்ன வேலை பண்ணிச்சுன்னு உனக்குத் தெரியுமா? காத்தை இழுக்கும், அமுக்கும், டீசலைப் பீச்சிக் கொளுத்தும், மிச்சத்தைத் துப்பும். இழு, அமுக்கு, கொளுத்து, துப்பு. நாள் பூரா இதே பொழப்பு. கொளுத்தினதுல பாதிக்கு மேல சூடாவே வீணாப் போயிடும். நம்ம பெரியப்பா மாதிரி. சாப்பிடுறது மலையளவு, செய்யறது கடுகளவு, மிச்சமெல்லாம் சத்தம்."

"வேற என்னதான்டா பண்றது?"

"மோட்டார் போடுவோம். காந்தம் இழுக்கும், காந்தம் தள்ளும், சக்கரம் சுத்தும். கொளுத்த ஒண்ணும் இல்லை, அதனால துப்பவும் ஒண்ணும் இல்லை."

அப்படியே போட்டார்கள். என்ஜின் இருந்த இடத்தில் மோட்டாரும், டீசல் தொட்டி இருந்த இடத்தில் பேட்டரிகளும் வந்தன. புகைக்குழாயைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போனார். வண்டிப் பதிவு அலுவலகத்தில் வந்து பார்த்தார்கள், தட்டினார்கள், முத்திரை குத்தினார்கள்.

முதல் நாள் பயணத்தில் யாரும் நம்பவில்லை. "வண்டி போகுதா, நிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் போஸ்ட்மாஸ்டரம்மா. "சத்தமே காணோமே, கிட்னியோட காதும் போயிடுச்சோன்னு பயந்துட்டேன்." திரும்பும்போது தையல்காரர் வழக்கம்போலப் பையை வாயருகே பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் இறங்கியபோது பை காலியாக இருந்தது. அதைக் கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறு வாரம் மருத்துவமனை வாசலில் காவலாளி வேனை நிறுத்தினார்.

"புகை ஸ்டிக்கர் தேதி முடிஞ்சு போச்சே அக்கா."

"இந்த வண்டியில புகையே வராது அண்ணே. கரண்ட் வண்டி."

"வராதுன்னு ஸ்டிக்கர் இருக்கா?"

அக்கா யோசித்துப் பார்த்தாள். இல்லைதான்.

புகை அளவைத் துறையின் சோதனைக்கூடம் ஒரு பெரிய தகரக் கொட்டகை. தரையில் மஞ்சள் கோடுகள் போட்டிருந்தார்கள். நடுவில் சக்கரம் வைத்த மேசை மேல் அளவைக் கருவி. அதிலிருந்து நீண்ட ரப்பர் குழாயும், அதன் நுனியில் எவர்சில்வர் மூக்கும் தொங்கின. அந்த மூக்கை வண்டியின் புகைக்குழாய்க்குள் நுழைத்தால் கருவி மோந்து பார்த்து எண் சொல்லும். சுவரில் "புகையற்ற நாளையை நோக்கி" என்று எழுதியிருந்தது. எழுத்துகளின் மேல் கரி படிந்து, "நாளையை" மட்டும் சரியாகத் தெரியவில்லை.

ஆய்வாளர் எவர்சில்வர் மூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வேனைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். படுத்துப் பார்த்தார். மறுபடி சுற்றி வந்தார்.

"குழாய் எங்கம்மா?"

"கழட்டிட்டோம் சார். புகை வர்றதில்லை, அதனால தேவைப்படலை."

"புகை வரலைன்னு யார் சொன்னது?"

"நான்தான் சார் சொல்றேன்."

"நீங்க சொல்லக்கூடாது. அதை அளந்து நாங்கதான் சொல்லணும். அளக்கக் குழாய் வேணும். குழாய் இல்லாத வண்டியை அளக்க முடியாது. அளக்காத வண்டி புகை விடுற வண்டிதான். சட்டம் அப்படித்தான் பாக்குது." அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. "குழாயைக் கழட்டறதே தனியா ஒரு குத்தம். அதை நான் இப்போதைக்குப் பெருசு பண்ணலை."

பெருசு பண்ணாததற்கு அக்கா நன்றி சொன்னாள். அவர் ஒரு தற்காலிகச் சீட்டை எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டினால் கொஞ்ச நாளைக்கு மருத்துவமனை வாசலில் விடுவார்கள்.

அன்று மாலையே தம்பி இரும்புக் கடையிலிருந்து ஒரு குழாயை வாங்கிக்கொண்டு வந்தான். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டுக் கேட்டான்: "இதை எதோட சேத்து ஒட்டணும்?"

"எதோடயும் வேண்டாம். சும்மா தொங்கினா போதும்."

"காது இல்லாதவளுக்குக் கம்மல் போட்ட மாதிரி இருக்குமே!"

"ஒட்டுடா."

மறுபடி சோதனைக்கூடத்துக்குப் போனபோது ஆய்வாளர் குழாயைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். எவர்சில்வர் மூக்கை உள்ளே நுழைத்தார். கருவி சுழியம் காட்டியது. அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். சுழியம். தன் ஸ்கூட்டரைக் கிளப்பிக் கொண்டுவந்து அதன் பின்னால் மூக்கை வைத்துப் பார்த்தார். கருவி அலறியது. அவசரமாக அதை அணைத்துவிட்டு, ஸ்கூட்டரைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் வேனிடம் திரும்பினார். சுழியம்.

"சுழியம்னே எழுதிக் குடுங்களேன் சார்."

"எழுத முடியாதும்மா. கம்ப்யூட்டர் ஏத்துக்காது. சுழியம் போட்டா, 'வண்டியை ஸ்டார்ட் செய்யவும்'னு வரும்."

"வண்டி ஸ்டார்ட்லதான் சார் இருக்கு."

ஆய்வாளர் மூடியின் மேல் காதை வைத்துக் கேட்டார். பிறகு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அக்கா நிரூபிப்பதற்காக லேசாக மிதித்தாள். வேன் ஓசையில்லாமல் அவரை நோக்கி நகர்ந்தது. அவர் துள்ளி மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"என் சர்வீஸ்ல எவ்வளவோ திருட்டுத்தனம் பாத்திருக்கேன்," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "குழாய்ல கந்தல் துணியை அடைச்சிட்டு வர்றவன், நல்ல வண்டியைக் காட்டிட்டு வேற வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டறவன்... எல்லாரும் புகையைக் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டுவாங்க. மொத்தப் புகையையும் ஒளிச்சு வச்சவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"ஒளிக்கலை சார். இல்லை."

"வண்டி ஓடுது இல்லையா?"

"ஓடுது."

"ஓடுற வண்டி ஏதோ ஒண்ணைத் துப்பியே ஆகணும். அதுதான் விஞ்ஞானம். அதை எங்க வச்சிருக்கீங்கன்னு நீங்களா சொல்லிட்டா உங்களுக்கு நல்லது."

வேன் அக்காவின் பெயர் மறைக்கப்பட்ட புகைப் பிரிவுக்குப் போனது. அப்படி ஒரு பிரிவு அதுவரை இல்லை. அவளுக்காகத்தான் தொடங்கினார்கள்.

அடுத்த பயணத்தில், மருத்துவமனைக்கு முந்தைய நிறுத்தத்தில் புது நோயாளி ஒருவர் கையைக் காட்டி ஏறினார். கொழுகொழுவென்று கன்னம், பளபளக்கும் கறுப்புக் கண்ணாடி. நடு இருக்கையில் உட்கார்ந்ததும் பையிலிருந்து பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்து, மடமடவென்று ஒரே மூச்சில் குடித்துக் காலி செய்தார்.

அங்கே இருந்த அத்தனை பேரும் நாள் முழுவதற்கும் சேர்த்து டம்ளரில் அளந்து தண்ணீர் குடிப்பவர்கள். தாகம் தாங்காத நாளில் தையல்காரர் ஒரு பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, பிள்ளை மிட்டாய் சப்புவது போல மத்தியானம் வரைக்கும் ஓட்டுவார். அவர்கள் கண்ணெதிரே அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கியதை எல்லோரும் கடைசிச் சொட்டு வரை பார்த்தார்கள். புதியவர் அடுத்தபடியாக ஒரு வாழைப்பழத்தை உரித்தார்.

"தம்பிக்கு எந்தக் கிட்னி?" என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டரம்மா.

புதியவர் மென்றுகொண்டே யோசித்தார். "ரெண்டும்தாம்மா. இடது பக்கம் கொஞ்சம் அதிகம்."

"பழம் சாப்பிடலாம்னு டாக்டர் சொன்னாரா?"

"பழம் உடம்புக்கு நல்லதுதானே?"

போஸ்ட்மாஸ்டரம்மா தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் டிரைவர் இருக்கைக்கு மேலிருந்த கண்ணாடி வழியே அக்காவைப் பார்த்தார். புதியவர் கீழே விழுந்த எதையோ தேடுவது போலக் குனிந்து, இருக்கைகளுக்கு அடியில் மோந்து பார்த்தார். பின்பக்கச் சாமான் பெட்டியைத் திறந்து உள்ளே தலையை விட்டு ஆழமாக மூச்சிழுத்தார். அங்கே இருந்த போர்வைகளின் சோப்பு வாசனையில் அவருக்குத் தும்மல் வந்தது.

டயாலிசிஸ் பிரிவில் நர்ஸுக்கு அவரைத் தெரியவில்லை. ஆனால் வேன் அக்கா கொண்டுவந்த ஆள், அதனால் நோயாளிதான் என்று நினைத்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்காரவைத்துச் சட்டைக் கையை மடித்துவிட்டாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊசியை எடுத்தாள். அந்த ஊசி சாக்கு தைக்கிற ஊசி பருமன் இருக்கும். புதியவர் அதைப் பார்த்தார். நாற்காலி கவிழ்ந்த சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பியபோது, வாசலில் அவருடைய கறுப்புக் கண்ணாடி மட்டும் கிடந்தது.

இதற்குள் தற்காலிகச் சீட்டின் கெடு முடிந்துவிட்டது. நீட்டித்துக் கேட்டபோது, விசாரணையில் இருக்கும் வண்டிக்குச் சீட்டு கிடையாது என்றார்கள். காவலாளி வேனை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தச் சொன்னார். "என் மேல கோவிச்சுக்காதீங்க அக்கா. உள்ள விட்டா என் வேலை போயிடும்."

வாசலிலிருந்து டயாலிசிஸ் கட்டடம் நல்ல உடம்புக்காரருக்குப் பக்கம்தான். சிறுநீரகம் இல்லாதவருக்கு அது அடுத்த ஊர். சக்கர நாற்காலி கேட்டால், அது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் என்றார்கள். அக்கா போஸ்ட்மாஸ்டரம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, தையல்காரர் பாதி வழியில் ஒரு பூந்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டும் செருப்பைப் பிதுக்கிக்கொண்டு வீங்கியிருந்தன.

"நீங்க மத்தவங்களைக் கூட்டிட்டுப் போங்க அக்கா. நான் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்," என்றார். அந்தக் கொஞ்சம் காற்றை வாங்க அவர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறை தாண்டிவிட்டது. மிச்சமிருந்த நேரத்துக்கு மட்டும் இயந்திரத்தில் போட்டார்கள். பாதி அலசிய ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தார். வழியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது. பேசாத தையல்காரரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

விசாரணைக்குக் கூப்பிட்ட நாள், துறையின் தூய காற்று வாரத் தொடக்க விழா நாளாகவும் அமைந்துவிட்டது. விழா முடியட்டும் என்று அவளையும் தம்பியையும் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே! நம் துறை பிறப்பதற்கு முன்னால் இந்த நகரத்தில் புகை மட்டும்தான் இருந்தது. இன்று புகையோடு துறையும் இருக்கிறது. (கைதட்டல்.) அன்றைக்கு மக்கள் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறோம் என்றே தெரியாமல் சுவாசித்தார்கள். இன்று அளந்து, முத்திரையிட்டுச் சுவாசிக்கிறார்கள். அளக்காத புகையைச் சுவாசிப்பவன் அநாதை. அளந்த புகையைச் சுவாசிப்பவன் குடிமகன். (பலத்த கைதட்டல்.) புகையை ஒழிப்பதே நம் லட்சியம். நேற்றும் அதுதான் லட்சியம், இன்றும் அதுதான், நம் பிள்ளைகள் இந்தத் துறையில் சேரும்போதும் அதுவேதான் லட்சியமாக இருக்க வேண்டும். ஆனால் இன்று சிலர் நம்மைக் கேட்காமல், நம்மிடம் அனுமதி பெறாமல், தாங்களாகவே புகையை நிறுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். நான் கேட்கிறேன். எல்லோரும் இப்படி ஆளாளுக்குப் புகையை நிறுத்திவிட்டால், புகையைக் கட்டுப்படுத்துவது யார்?"

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. தம்பி எழுந்திருக்கவில்லை. அக்கா அவன் தொடையில் கிள்ளி எழுப்பினாள்.

விசாரணை அறையில் நீளமான மேசைக்குப் பின்னால் இயக்குநரும், அவருக்கு வலப்பக்கம் சட்ட அதிகாரியும், இடப்பக்கம் தொழில்நுட்ப ஆலோசகரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் தம்பியும் நின்றார்கள். நோயாளி வேடத்தில் வேனில் வந்த ஒற்றரின் அறிக்கையை முதலில் சட்ட அதிகாரி வாசித்தார்.

"வாகனத்தில் புகை வாடை அறவே இல்லை. இவ்வளவு கவனமாக வாடையை நீக்கியிருப்பதே இது திட்டமிட்ட செயல் என்பதற்குச் சான்று. பயணிகள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தனர். நான் தண்ணீர் குடித்தபோது முறைத்தனர். அவர்கள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை என்பது ஆராயத்தக்கது. மருத்துவமனையை அடைந்ததும் என்னைக் கூரிய ஆயுதத்தால் தாக்க முயன்றனர்."

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் இயக்குநர்.

"அது ஊசி சார்," என்றாள் அக்கா.

"ஆயுதத்தை ஒத்துக்கறாங்க, குறிச்சுக்குங்க."

தொழில்நுட்ப ஆலோசகர் தொண்டையைக் கனைத்தார். அவர் அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யோசிக்கிறார் என்று எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள். "ஏம்மா, பேட்டரிக்குக் கரண்ட் எங்கிருந்து வருது?"

"வீட்டுச் சுவத்துல இருக்கிற பிளக்கிலேர்ந்து சார்."

"பிளக்குக்கு?"

"தெருக் கம்பத்திலேர்ந்து."

"கம்பத்துக்கு?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். "மின் நிலையத்துலேர்ந்து," என்றான் அவன்.

"அங்க என்ன எரியுது?"

"நிலக்கரி சார்."

"எரிஞ்சா என்ன வரும்?"

ஆலோசகர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கிடைச்சிருச்சு! புகை கிடைச்சிருச்சு!" இயக்குநர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சட்ட அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை என்று அக்காவுக்கே பட்டது. எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் இருமிக்கொண்டுதான் இருப்பார். "அப்ப அதை அங்கேயே போய் அளந்துடுங்க சார். எனக்கு ஸ்டிக்கர் குடுத்துடுங்க."

"அங்க எதுக்கு நாங்க போகணும்? வண்டி உங்களுது, புகை உங்களுது. அந்தப் புகைபோக்கியைச் சோதனைக்குக் கொண்டாங்க," என்றார் இயக்குநர். "அடுத்த அமர்வுக்குள்ள."

தம்பி மின் நிலையத்துக்கு எழுதிக் கேட்டான். புகைபோக்கி கட்டடத்தோடு சேர்ந்தது, தனியாக இரவல் கொடுப்பதில்லை என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. அந்த வாரமும் தையல்காரர் வாசலிலிருந்து நடந்தார். இந்த முறை பூந்தொட்டி வரைகூட அவரால் போக முடியவில்லை. தம்பி அவரை முதுகில் தூக்கிக்கொண்டு போனான்.

"நிலக்கரிதானே இவங்களுக்குப் பிரச்சினை?" என்றான் திரும்பி வந்ததும். "அதையும் எடுத்துடுவோம்."

மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பிகளை அவிழ்த்துவிட்டுச் சூரியத் தகடுகளை வரிசையாகப் போட்டான். பகலில் வெயில் தகடுகளில் விழுந்தது; கம்பி வழியாக இறங்கி வேனுக்குள் போனது. அக்கா ஈரத் துணிகளைச் சமையலறையில் காயப்போட்டுக்கொண்டாள். இனிமேல் எவனும் எதையும் கேட்க முடியாது என்று இருவரும் நம்பினார்கள்.

இரண்டாவது அமர்வில் தகடுகளின் படத்தை மூவரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தொழில்நுட்ப ஆலோசகர் கண்ணை மூடினார். இந்த முறை சட்ட அதிகாரி முந்திக்கொண்டார்.

"சூரியன்லேர்ந்து கரண்ட் வருதுன்னு சொல்றீங்க. சூரியன் எரியுதா, இல்லையா?"

"எரியுது சார்," என்றாள் அக்கா.

"நெருப்புதானே?"

"நெருப்புதான்."

"நெருப்பு இருந்தா புகை இருக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"சார்," என்றான் தம்பி, "அது அடுப்பு எரியிற மாதிரி எரியலை. அங்க விறகும் இல்லை, காத்தும் இல்லை. அது வேற விதமான..."

"வேற விதமா எரியுதாமே!" இயக்குநர் மற்ற இருவரையும் பார்த்தார். "ஒவ்வொரு தடவையும் புகையை இன்னும் தூரமாக் கொண்டுபோய் ஒளிக்கறாங்க, கவனிச்சீங்களா? முதல்ல வண்டியில இல்லை. அப்புறம் மின் நிலையம். இப்ப வானத்துக்கே கொண்டுபோயிட்டாங்க. நாளைக்கு எங்க போவீங்க?"

அக்கா மேசையருகே ஓர் அடி முன்னால் வந்தாள். "சார், எங்க வண்டியில வர்றவங்களுக்குக் கிட்னி வேலை செய்யறதில்லை. நீங்க ஸ்டிக்கர் குடுக்காததால உங்க வயசுக்காரர் ஒருத்தர் வாசல்லேர்ந்து நடக்க முடியாம நடக்கறார். மூச்சு முட்டுது அவருக்கு. நீங்களே ஒரு தடவை வேனுக்குப் பின்னால வந்து நில்லுங்க சார். உங்க மூக்கை வச்சே பாருங்க. வாசல்லதான் நிக்குது."

இயக்குநர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மூக்கை வச்சுப் பாக்கறதா இருந்தா, எதுக்கும்மா இவ்வளவு பெரிய துறை?"

வானம் வேறு துறையின் எல்லையில் வருவதால், சூரியனுக்கு ஆட்சேபணை இல்லாச் சான்று கேட்டு அந்தத் துறைக்கு எழுதுவதென்று முடிவானது. பதில் வரும் வரை வழக்கு நிலுவை.

வெளியே வேனின் சக்கரத்தருகே அக்கா நின்றுகொண்டிருந்தபோது ஆய்வாளர் மெதுவாக வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். பணம் கேட்கப் போகிறார் என்று நினைத்து அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா. என் கணக்குல நிலுவையில இருக்கிற ஒரே வண்டி உங்களுதுதான். இது முடியாம எனக்குப் பதவி உயர்வு வராது. சூரியன் எப்ப பதில் போடும், நான் எப்ப மேல போறது? நாளைக்கு மத்தியானம் எங்க ஏரியாவுல கரண்ட் கட். அப்ப வண்டியை எடுத்துட்டு வாங்க. எதுவும் கேக்காதீங்க."

கேட்காமல் போனாள். கொட்டகைக்குப் பக்கத்தில், அலமாரி அளவுக்குப் பெரிய துறையின் டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது இழுத்தது, அமுக்கியது, கொளுத்தியது, துப்பியது. அது துப்பிய கறுப்புப் புகை கொட்டகைக்குள் நுழைந்து, கூரையில் முட்டி, மஞ்சள் கோடுகள் வரைக்கும் இறங்கியிருந்தது. அக்காவுக்குக் கண் எரிந்தது. ஆய்வாளர் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, எவர்சில்வர் மூக்கை வேனின் குழாயில் நுழைத்தார். கருவி ஒரு எண்ணைக் காட்டியது. அவர் முகம் மலர்ந்தது.

"இருக்கு! அளவுக்குள்ளதான் இருக்கு!"

"சார், இது உங்க ஜெனரேட்டர்..."

"எங்க கருவி உங்க குழாய்லதாம்மா இருக்கு. குழாய்ல வந்தது உங்க புகை."

அக்கா அந்த எண்ணைப் பார்த்தாள். மாட்டேன், இது என் புகை இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. தையல்காரருடைய கால்கள் நினைவுக்கு வந்தன. ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காவலாளி ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுச் சலாம் வைத்து வாசலை முழுசாகத் திறந்துவிட்டார். வேன் டயாலிசிஸ் கட்டடத்தின் படி வரைக்கும் போய் நின்றது. தையல்காரர் தாமே இறங்கி, தாமே படியேறி, முழு நேரமும் இயந்திரத்தில் இருந்தார். திரும்பும் நேரத்தில் களைப்பாகத்தான் இருந்தார், ஆனால் மருமகளைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்திருந்தார். அக்காவுக்கு மனசு நிறைந்தது.

போஸ்ட்மாஸ்டரம்மா முன் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புது ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டாமல் வாசித்தார். "புகை: உள்ளது. அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்."

பின் இருக்கைகளில் தலைகள் நிமிர்ந்தன.

"புகை வருதாமா?" என்றார் தையல்காரர்.

"வரலை அண்ணே. அது அவங்க ஜெனரேட்டர் புகை. நேத்து அங்க கரண்ட் கட். கருவி அதைப் பிடிச்சிருச்சு," என்றாள் அக்கா.

"ஓ," என்றார் தையல்காரர். கொஞ்ச நேரம் கழித்து லேசாக இருமினார். "இல்லை, எனக்கும் ரெண்டு நாளா ஒரு மாதிரி வாடை அடிச்சுது. நாமளாச் சொன்னா நல்லா இருக்காதேன்னு சும்மா இருந்தேன்."

"ரெண்டு நாளைக்கு முன்னால நீங்க வேன்லயே வரலியே அண்ணே!"

"நீ சொல்றது சரியாத்தாம்மா இருக்கும்," என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா. அவருடைய குரலில் வருத்தம் இருந்தது. "உன்னை நாங்க சந்தேகப்படலை. ஆனா கவர்மென்ட்டு எதுக்கு இல்லாததை எழுதப் போகுது? அவங்களுக்கு என்ன ஆதாயம்?"

அக்கா கரண்ட் கட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்து, தெளிவாக எல்லாவற்றையும் சொன்னாள். எல்லோரும் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார்கள். கையும் களவுமாகப் பிடிபட்ட சொந்தக்காரி சொல்வதைக் கேட்பது போல இருந்தது அது.

"கொஞ்சம் ஜன்னலைத் திறந்துக்கலாமா?" என்றார் தையல்காரர்.

ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. முன்னால் ஒரு லாரி உறுமிக்கொண்டு மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தது. அது துப்பிய புகை சாவகாசமாக மிதந்து வந்து, திறந்த ஜன்னல்கள் வழியாக வேனுக்குள் நிறைந்தது.

"பாத்தீங்களா?" என்றார் தையல்காரர், பையை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு. "நான் சொல்லலை?"